மொட்டைமாடிப் பேச்சு

டோக்கன் பதினேழு. உள்ளே போயிருப்பது பதினொன்று. நடுவில் ஐந்து பிள்ளைகள், ஐந்துக்கும் ஐந்து அம்மாக்கள், அதில் மூன்று பேருக்கு அப்பாக்களும் துணைக்கு வந்திருக்கிறார்கள், அப்பனைப் பெத்த அப்பாரு என்று வந்து உட்கார்ந்திருப்பது தான் ஒருத்தர்தான் என்று சென்னியப்பன் எண்ணிப் பார்த்துக்கொண்டார். அவரை யாரும் வாங்க என்று கூப்பிடவில்லை. கூப்பிடாத இடத்துக்குப் போகிற ஆளும் இல்லை அவர். பத்திரிகையைத் தபாலில் போட்டுவிட்டு நேரில் வந்து சொல்லவில்லை என்பதற்காகக் கூடப்பிறந்த தங்கச்சி வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கே போகாதவர். ஆனால் இன்று காலையில் மகன் தரணிதரன் காரை வெளியே எடுத்ததும் அவரே போய்ப் பின் கதவைத் திறந்து உட்கார்ந்துகொண்டார். தரணி கண்ணாடியில் பார்த்தான். "அப்பா, நீங்களும் வர்றீங்களா?" என்றான். சென்னியப்பன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மருமகள் கோகிலவாணி, "வரட்டும் விடுங்க, பையன் மாமாகிட்டத்தான் இருப்பான்," என்றாள். வரட்டும் விடுங்க என்றால் என்ன அர்த்தம் என்று ஒரு கணம் சுருக்கென்றது, ஆனால் அதை எடுத்து வைத்துக்கொள்ள இன்றைக்கு மனசில் இடம் இல்லை. இங்கே ஆஸ்பத்திரி பெஞ்சுக்குப் பக்கத்தில் இருந்த மீன் தொட்டியில் ஒரு மீன் மற்ற மீனையெல்லாம் விட்டுவிட்டு மூலையில் நின்று கண்ணாடியை முட்டிக்கொண்டிருந்தது. முட்டியது, பின்னால் போனது, திரும்பவும் அதே இடத்தில் வந்து முட்டியது. பன்னெண்டு, என்று நர்ஸ் கூப்பிட்டாள்.

பையன் அவர் மடியில் இருந்தான். ரெண்டு வயசு முடிந்து பத்து நாள். காலில் இருந்த செருப்பைக் கழற்றிக் கீழே போட்டான், விழுந்ததும் குனிந்து பார்த்தான். விழுந்ததைப் பார்த்தானா, விழுந்த சத்தத்தைக் கேட்டானா? சென்னியப்பன் செருப்பை எடுத்துக் கொடுத்தார், அவன் மறுபடி போட்டான், அவர் மறுபடி அவன் காதையே பார்த்துக்கொண்டிருந்தார். எதிரே கோகிலவாணி முட்டியின் மேல் ஒரு தாளை வைத்து டிக் அடித்துக்கொண்டிருந்தாள். அந்தத் தாளை அவருக்குத் தெரியும். ஒன்பதாம் மாசம் ஒரு தாள், வருஷம் முடிந்தபோது ஒரு தாள், ஒன்றரை வயசில் ஒரு தாள். மூணாங்கிளாஸோடு நின்றவர்தான் என்றாலும் எழுத்துக் கூட்டிப் படித்துவிடுவார். பந்தைக் காலால் உதைக்கிறதா, டிக். மாடிப்படி ஏறுகிறதா, டிக், அவனா ஏறமாட்டான். கட்டைகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்குகிறதா, டிக், கட்டை என்ன கட்டை, ஏழு எவர்சில்வர் டம்ளர் அடுக்குவான். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறதா. அங்கே பேனா நின்றது. ஐம்பது வார்த்தையாவது சொல்கிறதா, இரண்டு வார்த்தை சேர்த்துச் சொல்கிறதா. அங்கே ரொம்ப நேரம் நின்றது. "எத்தனைன்னுங்க எழுதறது?" என்று அவள் தரணியைக் கேட்டாள். "மூணுன்னு எழுது. அம்மா, ம்மா, அப்புறம் அந்தப் பூ." "அம்மாவும் ம்மாவும் ஒண்ணுதானுங்க." "அப்ப ரெண்டு." ரெண்டு என்று எழுதிவிட்டுப் பேனா மூடியைப் பல்லில் கடித்துக்கொண்டாள். போன தடவையே டாக்டரம்மா சொல்லி அனுப்பியிருந்தது, ரெண்டு வயசுக்குள் பேச்சு வராவிட்டால் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுப்பேன், காதையும் பார்க்க வேண்டும், மூளையையும் பார்க்க வேண்டும் என்று. மூளை என்கிற சொல்லைத் தரணி வீட்டுக்கு வந்த பிறகுதான் சொன்னான், சோபாவில் உட்கார்ந்து, மனைவியிடம், மெதுவாக. சமையல்கட்டு வாசலில் டம்ளரோடு நின்ற சென்னியப்பன் காதில் விழுந்துவிட்டது. ஆறு மாசமாக அது வேட்டிக் கரையில் ஒட்டிய நாயுருவி மாதிரி எங்கே போனாலும் கூடவே வருகிறது. ஏனென்றால் பையன் பேசுவான். நன்றாகப் பேசுவான். இந்த உலகத்தில் அது தெரிந்தவர் அவர் ஒருத்தர்தான். அதைச் சொல்ல வேண்டுமென்றால் அவர் வாயைத் திறக்க வேண்டும். வாயைத் திறப்பதில்தான் சிக்கலே.

மூடச் சொன்னவன் தரணிதானே. பையனுக்கு மூன்றாம் மாசம், பேர் வைக்கிற அன்று, வீடு கொள்ளாமல் சம்பந்தி வீட்டு ஜனம். தன் அப்பன் பேரான ரங்கசாமியைத்தான் வைக்க வேண்டும் என்று சென்னியப்பன் முதல்நாளே சொல்லி வைத்திருந்தார். அவர்கள் செல்போனில் தேடி லக்‌ஷித் என்று ஒன்றை எடுத்து வைத்திருந்தார்கள். தொட்டிலில் போட்டு, மாமன்காரன் காதில் சொல்லக் குனிந்த நேரத்தில், "இதென்ன பேரு, இருமல் மருந்தாட்டம்," என்றார் சென்னியப்பன். சம்பந்தி வீட்டில் ரெண்டு பேர் சிரித்துவிட்டார்கள். தரணி அத்தனை பேர் முன்னாலும், "அப்பா, நீங்க கொஞ்சம் வாய மூடீட்டு சும்மா இருங்க," என்றான். சும்மா இருக்கச் சொன்னான், இருந்தார். இன்றைக்கு இருபத்தோரு மாசம் ஆகிறது, அந்த வீட்டுக்குள் அவர் வாயிலிருந்து ஒரு சொல் இல்லை. காப்பி வேண்டுமென்றால் டம்ளரால் மேஜையில் ஒரு தட்டு. தண்ணீர் வேண்டுமென்றால் ரெண்டு தட்டு. வேண்டாமென்றால் கை. முதல் மாசத்தில் தரணி ரெண்டு தடவை வந்து நின்றான், "விடுங்கப்பா, ஏதோ அன்னிக்கு டென்ஷன்ல சொல்லீட்டேன்," என்று. மூணாவது தடவை வந்திருந்தால் பேசியிருப்பார். அவன் ரெண்டோடு நிறுத்திக்கொண்டான். அது தனியாக ஒரு கோபம். சென்னியப்பனுக்குக் கோபம் சட்டென்று வராது, வந்தால் சட்டென்று போகவும் போகாது. பந்தியில் தன் இலைக்கு மட்டும் பாயசம் வராமல் போனதற்காகப் பெரியம்மா மகன் வீட்டு வாசலைப் பதினாலு வருஷம் மிதிக்கவில்லை. அப்போதெல்லாம் மனைவி பாப்பாத்தி உயிரோடு இருந்தாள். இந்தப் பக்கத்து முறைப்பை எடுத்துக்கொண்டு போய் அந்தப் பக்கத்தில் நல்ல வார்த்தையாக மாற்றிக் கொடுத்துவிட்டு வருவாள். அவள் போய் நாலு வருஷம். அவள் இருந்திருந்தால் இது மூணாம் நாளே முடிந்திருக்கும். முடிந்திருக்குமா? முடித்திருப்பாள். பதிமூணு, என்றாள் நர்ஸ், பதிமூணு யாருங்க, எந்திரிச்சு வாங்க.

கோகிலவாணி லீவு முடிந்து வேலைக்குக் கிளம்பியபோது பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது என்று பேச்சு வந்தது. அவள் அம்மாவுக்கு மூட்டுவலி. சென்னியப்பன் ஒன்றும் சொல்லாமல் போய்ப் பையனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார், அதோடு முடிவாகிவிட்டது. அடுத்த வாரமே தரணி ஹாலில் டிவிக்கு மேலே மூலையில் ஒரு கேமராவை மாட்டினான். ஆபீசில் இருந்தே செல்போனில் பார்க்கலாமாம். பார்த்தால் பார்த்துவிட்டுப் போகட்டும், அதற்குக் காதும் உண்டாம். "சத்தமெல்லாம் தெளிவாக் கேக்குது," என்று தரணி சந்தோஷமாகச் சொன்னபோது சென்னியப்பனுக்கு முதுகு விறைத்தது. பையனிடம் ராசா தங்கம் என்று நாலு வார்த்தை கொஞ்சினால் அது நேரே அவன் காதுக்குப் போகும், கிழவன் வழிக்கு வந்துட்டான் என்று அங்கே உட்கார்ந்து சிரிப்பான். அதனால் காலை எட்டரைக்கு அவர்கள் ரெண்டு பேரும் கிளம்பிப் போன பிறகும் கீழே ஒரு சொல் கிடையாது. தட்டுவார், விரலால் காட்டுவார், நாக்கால் டொக் போடுவார். பத்து மணிக்கு வெயில் ஏறுவதற்குள் பையனைத் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய்விடுவார், சாயங்காலம் மறுபடியும் ஒரு நடை. அங்கே தண்ணித் தொட்டிக்குப் பின்னால், பார்க்க ஆளில்லாத கேட்க ஆளில்லாத நிழலில், அடைத்து வைத்ததெல்லாம் கொட்டும். காக்காய்க்குப் பேர் வைப்பார். பீளமேட்டுப் பக்கம் போகிற ரயிலுக்குக் கை காட்டுவார். முப்பது வருஷத்துக்கு முன்னால் வேலையிடத்தில் தன்னைப் பெஞ்சில் தனியாக உட்காரவைத்த போர்மேனைப் பற்றிக்கூடப் பையனிடம் சொல்லியிருக்கிறார். ரங்கா என்றுதான் கூப்பிடுவார். ரங்கா, அங்க பாரு. ரங்கா, ஓடாத, விழுந்துருவ. பையன் திரும்புவான். காக்கா போ என்பான், அப்பாரு வா என்பான், ரயில் வந்தால் கூ வண்டி என்று குதிப்பான். இறங்கும்போது கடைசிப் படியில் நின்று சென்னியப்பன் ஆள்காட்டி விரலை உதட்டில் வைப்பார். ஹால் மூலையில் சிவப்புப் புள்ளியாக மினுங்குகிற கேமராவைக் காட்டி, உஷ், பேசாத, என்று அவன் காதோரம் வெறும் மூச்சாகச் சொல்வார். பையன் கெக்கெக்கென்று சிரித்துத் தானும் விரலை வைத்துக்கொள்வான். விளையாட்டுத்தான். ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவனைப் பெற்றவர்கள் ஹாலில் உட்கார்ந்துகொண்டு, சொல்லு பட்டு, ஆப்பிள் சொல்லு குட்டி, என்று கெஞ்சும்போது பையன் வாயே திறக்கமாட்டான். வைராக்கியத்தில் என்னைக் கொண்டிருக்கிறான் என்று சென்னியப்பனுக்கு முதலில் பெருமையாகக்கூட இருந்தது. அந்தப் பெருமையை இப்போது நினைத்தால் கை கால் கூசுகிறது.

ஆனால் பேசுகிறானா? நிஜமாகவே பேசுகிறானா? ராத்திரி படுத்தால் இதுதான். பவுண்டரியில் முப்பத்தொரு வருஷம், உருக்கின இரும்பை ஊற்றுகிற இடத்தில் மனுஷன் பேச்சு எடுபடாது, கம்பியால் தட்டித்தான் சைகை, ஒரு தட்டு நிறுத்து, ரெண்டு தட்டு ஊத்து. கூட நின்ற மாரப்பனுக்குக் கடைசியில் இடி இடித்தாலும் கேட்காது. இவருக்கு இடது காது பாதி போய்விட்டது, அதை யாரிடமும் சொன்னதில்லை. பாதிக் காதை வைத்துக்கொண்டு மாடியில் கேட்டதெல்லாம் நிஜம் என்று எப்படிச் சொல்வது? காக்கா என்றது பையனா, காக்காயேதானா? கூ என்றது பையனா, ரயிலா? கேட்க ஆசைப்பட்ட கிழவன் காது தானாகவே சொல்லிக்கொண்டதா? இல்லை, போ என்று தெளிவாகச் சொன்னானே, காக்காய் போ என்று சொல்லாதே. அப்பாரு என்றானே, ரயில் எங்கே அப்பாரு என்று சொல்லும். சொன்னான், சொன்னான். சொன்னானா? இந்தச் செவிடு ரத்தத்தில் இறங்குமோ, மகனை விட்டுவிட்டுப் பேரனைப் பிடிக்குமோ. போய்ச் சொல்லிப் பையன் பேசாமல் நின்றால் என்ன ஆகும், இருபத்தோரு மாசம் கழித்து வாயைத் திறந்து பொய் சொன்ன கிழவன் என்று ஆகும். சொல்லாமல் இருந்தால் என்ன ஆகும். பிள்ளைத் தலையில் ஒயரை ஒட்டுவார்களாம், தூங்க மருந்து கொடுப்பார்களாம், கோகிலவாணி செல்போனில் யாரிடமோ கேட்டுக்கொண்டிருந்தாள். பையன் செருப்பை மறுபடி கீழே போட்டான். சென்னியப்பன் எடுக்கக் குனிந்தபோது அவன் அவர் வழுக்கைத் தலையில் தன் ரெண்டு கையையும் வைத்து அமுக்கிக்கொண்டான். அந்தச் சின்னக் கையின் சூடு. மீன் இன்னும் முட்டிக்கொண்டிருந்தது. பதினாறு. அப்புறம், அவர் நினைத்ததைவிடச் சீக்கிரமாக, "லக்‌ஷித் தரணிதரன், பதினேழு."

முதலில் நர்ஸ் எடை போட்டாள். பதினொன்று எண்ணூறு. சுவரில் ஒட்டியிருந்த ஒட்டகச்சிவிங்கியோடு நிறுத்தி உயரம் பார்த்தாள், எண்பத்தாறு. தலையைச் சுற்றி டேப்பைக் கொண்டுவந்தபோது சென்னியப்பன் மூச்சை நிறுத்திக்கொண்டார், மூளை அந்தத் தலைக்குள்தானே இருக்கிறது, டேப்புக்குத் தெரிந்துவிடுமோ என்று. நாற்பத்தெட்டு என்றாள், ஒன்றும் நடக்காத மாதிரி. உள்ளே டாக்டர் சுபாஷிணி அட்டையைப் பிரித்து வைத்துக்கொண்டு வளைந்து மேலே போகிற கோடுகளுக்கு நடுவில் மூன்று புள்ளி வைத்தாள். "வளர்த்தி ரொம்ப நல்லா இருக்கு. எல்லாமே நடுக்கோட்டுல போகுது." நல்லா இருக்கு என்ற சொல்லைச் சென்னியப்பன் கதவோரம் நின்றபடியே அப்படியே வாங்கி வைத்துக்கொண்டார். நடுக்கோட்டில் போகிறானாம். தினம் பருப்புச் சோற்றைப் பிசைந்து ஊட்டினது யார். அதற்குள் டாக்டர் தாளைப் புரட்டிவிட்டாள். "வார்த்தை ரெண்டுதானா?" என்றாள். கோகிலவாணி தலையாட்டினாள், அந்த ஆட்டத்தில் காதுத் தோடு ஆடியது. டாக்டர் எழுந்து மேஜையைச் சுற்றி வந்து பையனைத் தரையில் இருந்த பாயில் உட்காரவைத்து முன்னால் மரக்கட்டைகளைப் போட்டாள். பின்னால் போய் நின்றுகொண்டு, "லக்‌ஷித்," என்று கூப்பிட்டாள். பையன் திரும்பவில்லை. "லக்‌ஷித்." இல்லை. கிலுகிலுப்பையை ஆட்டினாள். அதற்கும் இல்லை. அவன் அண்ணாந்து மேல்மூலையையே பார்த்துக்கொண்டிருந்தான், கண் இமைக்காமல், வலது கை விரல் உதட்டில் ஒட்டியிருந்தது. பிறகு இடது கையால் ஒரு கட்டையை எடுத்துப் பாயோரத் தரையில் தட்டினான். டொக் டொக். சும்மா இருந்தான். மறுபடியும் டொக் டொக்.

"இது அடிக்கடி பண்ணுவானா?" என்றாள் டாக்டர். "எப்பவுமேங்க மேடம், எதைக் கையில குடுத்தாலும் இதே மாதிரித்தான் தட்டீட்டே இருப்பான்," என்றான் தரணி. டாக்டர் எழுதினாள். எழுதுகிற சத்தம் சென்னியப்பனுக்கு அந்தப் பாதிக் காதிலும் கேட்டது. தட்டுகிறான் என்று எழுதுகிறாள், ஒரே இடத்தைப் பார்க்கிறான் என்று எழுதுகிறாள், ஐயோ, அது தண்ணி, ரெண்டு தட்டு தண்ணி, பையனுக்குத் தாகம் எடுக்கிறது, இத்தனை படித்தவர்கள் நிற்கிறார்கள் ஒருத்தருக்கும் தெரியவில்லை. அவர் பையில் இருந்த பாட்டிலை எடுத்து மூடியைத் திருகிக்கொண்டு போய்க் கொடுத்தார். பையன் மடக்மடக்கென்று குடித்தான். டாக்டர் நிமிர்ந்து பார்த்தாள். "அவனுக்குத் தண்ணி வேணும்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுதுங்க தாத்தா?" சென்னியப்பன் அவளைப் பார்த்தார். தரணி பக்கத்தில் இருந்தான், மூன்றடியில். "தாத்தா? நான் கேக்கறது கேக்குதுங்களா?" என்று சத்தம் கூட்டிக் கேட்டாள். "அப்பாவுக்குக் கேக்குமுங்க," என்றான் தரணி. "அப்ப பேச்சு?" தரணி தலையைக் குனிந்துகொண்டான். கோகிலவாணிதான் சொன்னாள், "மாமா பேசறதில்லீங்க மேடம்." "எவ்வளவு நாளா?" "ரெண்டு வருஷம் ஆகப்போகுதுங்க." டாக்டரின் முகம் மாறியது. "போன தடவை குடும்பத்துல யாருக்காவது பேச்சுல பிரச்சனை இருக்கான்னு கேட்டேனே, இல்லைன்னீங்க. இதெல்லாம் சொல்ல வேண்டாமா?" என்று அவள் மறுபடி பேனாவை எடுத்தாள், இந்தத் தடவை தன்னைத்தான் எழுதுகிறாள் என்று சென்னியப்பனுக்குத் தெரிந்தது. ஊமைக் கிழவன் என்று எழுதுகிறாள். கிழவன் ஊமை, அதனால் பேரன். அதை எடுத்துக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவார்கள், அங்கே இன்னொருத்தர் அதைப் படித்துவிட்டு மேலே எழுதுவார். இல்லை என்று தரணி சொல்வான் என்று ஒரு கணம் காத்திருந்தார். என்னவென்று சொல்வான் அவன், என் அப்பன் ரோஷக்காரன் என்றா? அப்போது கோகிலவாணி கேட்டாள், குரல் ஒரு மாதிரி கீழே போய், "நான் வேலைக்குப் போறதுனாலயாங்க மேடம்? நான் வீட்டுல இருந்து பேச்சுக் குடுத்திருந்தா வந்திருக்குமா? நான் வேணா வேலையை விட்டுடறனுங்க." அதைக் கேட்டதும் சென்னியப்பனுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. அவளைப் பார்க்க முடியவில்லை. மேலே பார்த்தார், பையன் பார்க்கிற அதே மூலையை. கூரையில் உருண்டையாகக் கறுப்பாக ஒன்று. அதன் ஓரத்தில் சிவப்புப் புள்ளி.

அடப்பாவி, என்று தன்னைத்தானே சொல்லிக்கொண்டார். வைராக்கியமும் இல்லை ஒன்றும் இல்லை. கடைசிப் படியில் தினம் ரெண்டு தடவை தான் காட்டிக் காட்டிப் பழக்கியதை அந்தப் பிள்ளை சொன்ன சொல் தட்டாமல் செய்துகொண்டிருக்கிறது. அந்தப் புள்ளி எரிகிற இடத்தில் பேசக்கூடாது, தட்டலாம், விரலால் காட்டலாம், பேசக்கூடாது. அம்மா அழுதாலும் பேசக்கூடாது. டாக்டரம்மா எத்தனை தரம் லச்சித்து லச்சித்து என்று கூப்பிட்டாலும் திரும்ப அவனுக்கு என்ன வந்தது, வீட்டில் பட்டு, குட்டி, மாடியில் வேறு பேர், லச்சித்து என்கிற பேர் இந்தப் பிள்ளைக்குத் தெரியவே தெரியாது. கூப்பிட்டால் திரும்புகிற பேர் ஒன்றுதான், அது இந்த அறையில் சொல்லக்கூடாத பேர், எந்தப் பேருக்காக வாயை மூடினாரோ அதே பேர். திருடிப் பதுக்கி வைத்ததை எல்லார் முன்னாலும் மடியிலிருந்து எடுத்துப் போட வேண்டும். போடு. போடு சென்னியப்பா. அவர் தொண்டையைச் செருமினார். தரணி திடுக்கிட்டுத் திரும்பினான். "ரங்கா," என்றார் சென்னியப்பன். நாள்பட்ட குழாயில் தண்ணி வருவதற்கு முன்னால் இருமுகிற மாதிரி ஒரு சத்தம்தான் வந்தது. ஆனாலும் பையன் சட்டென்று திரும்பினான். அவன் கண் ரெண்டும் இவ்வளவு பெரிதாகிவிட்டது. பாயை விட்டு எழுந்து தத்தக்கா புத்தக்கா என்று ஓடி வந்து அவர் வேட்டியைப் பிடித்து இழுத்து, இன்னொரு கையால் மேல்மூலையைக் காட்டி, "உஷ்," என்றான். அப்புறம் தெளிவாக, ஒவ்வொரு சொல்லாக, பெரிய மனுஷன் கண்டிக்கிற மாதிரி, "அப்பாரு, பேசாத," என்றான்.

கோகிலவாணி வாயைப் பொத்திக்கொண்டாள். "என்ன சொன்னான்? அப்பாருன்னா?" என்றாள் டாக்டர். "தாத்தாவைங்க மேடம், அவரைத்தான் பேச வேண்டாங்கறான்," என்று சொல்லிவிட்டுக் கோகிலவாணி அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியாமல் ஒரு சத்தம் போட்டாள். "ரெண்டு வார்த்தை சேர்த்துச் சொல்றான், ஆளைக் கூப்பிட்டு, விரலை நீட்டி, காரியத்தோட சொல்றான்," என்று டாக்டர் சொன்னபோது அவள் கையில் இருந்த பேனா மூடப்பட்டிருந்தது. சென்னியப்பன் டாக்டரைப் பார்த்து, டாக்டரை மட்டும் பார்த்து, எல்லாவற்றையும் சொன்னார், கேமராவை, படியை, மொட்டைமாடியை, ரெண்டு தட்டை. இடையிடையே குரல் உடைந்து உடைந்து போனது, இருமிக்கொண்டார். "மாடியில பேசுவானுங்கம்மா. காக்கா போன்னு சொல்லுவானுங்க. எனக்கு இடது காது மந்தம், நாந்தான் ஏதோ நெனச்சுக்கறனோன்னு பயந்துட்டு இருந்தனுங்க." டாக்டர் நர்ஸைக் கூப்பிட்டாள். நர்ஸ் ஸ்டூலில் ஏறி ஊசி போட்ட இடத்தில் ஒட்டுகிற பிளாஸ்திரி ஒன்றைக் கிழித்து அந்தச் சிவப்புப் புள்ளி மேல் ஒட்டினாள். பையன் அண்ணாந்து பார்த்தான். கொஞ்ச நேரம் யோசித்தான். விரலை உதட்டில் இருந்து எடுத்தான். "போச்சு," என்றான். பிறகு பாட்டிலைக் காட்டி, "அப்பாரு, தண்ணி," என்றான், தட்டாமல். தரணி நாற்காலியில் அப்படியே பின்னால் சாய்ந்துவிட்டான். "ஆபீஸ்ல இருந்து தினமும் பாப்பேனுங்க மேடம்," என்றான், யாரிடமோ சொல்கிற மாதிரி. "ரெண்டு பேரும் ஒண்ணும் பேசாம உக்காந்திருப்பாங்க. சவுண்டு ரிப்பேருன்னு நெனச்சு நான் அந்தக் கேமராவையே ஒருக்கா மாத்திப்போட்டனுங்க." டாக்டர் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் விட்டுவிட்டாள். காதை மட்டும் ஒரு தடவை பார்த்துவிடலாம், வழக்கமாகப் பார்ப்பதுதான், அவசரம் இல்லை, இப்போதைக்கு எனக்குப் பயம் ஒன்றும் தெரியவில்லை, மூணு மாசம் கழித்துக் கூட்டிக்கொண்டு வாங்க என்றாள். அட்டையை மடித்துக் கொடுக்கும்போது, "வீட்டுல எல்லாரும் சத்தமாப் பேசுங்க. பேச ஒண்ணும் இல்லீன்னா சண்டையாச்சும் போடுங்க," என்றாள், சென்னியப்பனைப் பார்த்து.

கார் நிறுத்தியிருந்த இடத்துக்கு வரும்போது சென்னியப்பனுக்கு மேல்துண்டை எடுத்து உதறினால் பறந்துவிடலாம் போல இருந்தது. மூளை இல்லை. காது இல்லை. ரத்தம் இல்லை. வேட்டிக் கரையைத் தடவிப் பார்த்தார், நாயுருவி இல்லை. எல்லாம் தன் கொழுப்புத்தான். வெறும் கொழுப்பு, அதற்கு மருந்து வேண்டாம், ஒயர் வேண்டாம். வாசலில் இளநீர்க்காரன் ஒருவன் இளநீரைச் சீவிக்கொண்டிருந்தான், அந்தச் சீவுகிற சத்தம்கூட நன்றாக இருந்தது, இடது காதுப் பக்கமாகத்தான் கேட்டது. பின் சீட்டில் ஏறிப் பையனை மடியில் வைத்துக்கொண்டு கதவைச் சாத்தினார். சாத்திய பிறகுதான் கணக்கு வந்தது. இப்போது பேசியது பேச்சில் சேர்ந்ததா? ரங்கா என்றது பையனிடம். மற்றதெல்லாம் டாக்டரம்மாவிடம். அதுவும் அந்த வீட்டுக்குள் இல்லை. தரணியிடம் இன்னும் ஒரு சொல் பேசவில்லை, அது அப்படியேதான் இருக்கிறது, உடையவில்லை. அது உடையவில்லை என்பதில் பழையபடி ஒரு திருப்தியும், அந்தத் திருப்தியைத் தொட்டுப் பார்த்தால் உள்ளே ஒன்றுமே இல்லாத மாதிரியும் இருந்தது. கோகிலவாணி முன் சீட்டில் இருந்து திரும்பிப் பையனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மாமா, வேற என்னென்னங்க சொல்லுவான்?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு, பதில் வராது என்ற பழக்கத்தில் அவளே முன்னால் திரும்பிக்கொண்டாள். பையன் காரின் கூரையை மூலை மூலையாகத் தேடிப் பார்த்தான். சிவப்பு எங்கேயும் இல்லை. தரணி சாவியைப் போட்டான், திருகவில்லை. கண்ணாடியில் பார்த்தான். உதட்டை நனைத்துக்கொண்டு, புது வழியில் வண்டியை விடுகிறவன் மாதிரித் தயங்கி, "ரங்கா," என்றான்.

பையன் திரும்பினான். "அப்பா," என்றான். ஏதோ தினமும் சொல்கிற மாதிரி சொல்லிவிட்டு, ஜன்னலில் தெரிந்த காக்காயைப் பார்க்கப் போய்விட்டான். தரணி ரெண்டு கையையும் ஸ்டீரிங்கில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தான், தோள் மட்டும் ஏறி இறங்கியது. சென்னியப்பன் அந்த முதுகைப் பார்த்தார். முதல் மாசத்தில் ரெண்டு தடவை வந்து நின்றான். ரெண்டோடு நிறுத்தினான். இப்போது இந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டானே, தன் வாயால், இது என்ன? இது மூணு. யார் எப்படி எண்ணினாலும் மூணுதான். தரணி சாவியைத் திருகினான், திருகியதுமே முன்னால் ஏதோ விளக்கு எரிந்து கீக் கீக் என்று கத்தியது. "அப்பா, உங்க பக்கத்துக் கதவு சரியாச் சாத்தலீங்க," என்றான் தரணி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, பதிலை எதிர்பார்க்காமல்.

"சாத்தித்தான் இருக்குது. உன்ற வண்டிக் கதவு அப்படி," என்றார் சென்னியப்பன். சொல்லிவிட்டு, கதவைத் திறந்து, இன்னொரு தடவை ஓங்கிச் சாத்தினார்.